பயிற்சிக் காட்சிகளில் மனிதர்கள் எப்படி மாறுகிறார்கள்? 'தி வே அஹெட்' (1944) படத்தை முன்வைத்து

ஸ்கிரிப்ட்மேசை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. திரைக்கதைப் பட்டறைக்காக 30 நிமிடக் குறும்படம் ஒன்று எழுதுகிறோம். காலம் 1942, இடம் ஒரு காலாட்படைப் பயிற்சி முகாம். வெவ்வேறு வேலையிலிருந்து வந்த ஆறேழு பேர், ஒரு கண்டிப்பான சார்ஜென்ட், கடைசியில் எல்லோரும் சிப்பாய் ஆகிறார்கள். பயிற்சிப் பகுதி முழுக்க மாண்டேஜாகவே, அதாவது சிறு சிறு ஷாட்களின் வேகமான தொகுப்பாகவே நிற்கிறது. ஓடுகிறார்கள், சேற்றில் விழுகிறார்கள், சார்ஜென்ட் கத்துகிறார், பின்னணி இசை ஏறுகிறது, அடுத்த ஷாட்டில் எல்லோரும் ஒரே அடியில் நடக்கிறார்கள். ஏன் மாறினார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

கரோல் ரீட் இயக்கிய 'தி வே அஹெட்' படத்தைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தோம். அதில் அந்த மாற்றம் நம்பும்படி இருக்கிறது. எந்த இடத்தில், எதனால் அது நடக்கிறது என்று காட்சி காட்சியாகப் பிரித்துச் சொல்ல முடியுமா? பயிற்சி சம்பந்தமாக இந்த மாதிரிப் படங்களில் வழக்கமாக வரும் தவறுகளையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையரீல் பதில்:

படம் எங்கிருந்து வந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. 1943-ல் பிரிட்டிஷ் ராணுவத்தின் திரைப்படப் பிரிவு 'தி நியூ லாட்' என்ற சிறிய பயிற்சிப் படத்தை எடுத்தது. இயக்கம் ரீட், எழுத்து எரிக் ஆம்ப்ளரும் பீட்டர் உஸ்தினோவும். புதிதாகச் சேரும் ஐந்து பேர், அவர்களுடைய ஆரம்ப நாட்கள், அவ்வளவுதான் கதை. அதைப் பார்க்க உட்காருகிறவர்களும் அதே மாதிரி புதிதாகப் பிடித்துப் போடப்பட்டவர்கள். பூட்ஸ் கடித்த காலோடு உட்கார்ந்திருக்கிறவனிடம் ராணுவம் சொர்க்கம் என்று சொன்னால் சிரித்துவிடுவான். ஆகவே அவனுடைய முணுமுணுப்பைத் திரையில் ஒப்புக்கொண்டுதான் கதையைத் தொடங்க முடியும். அடுத்த ஆண்டு, டூ சிட்டீஸ் நிறுவனத்தின் முழுநீளப் படமாக அது வளர்ந்தபோது ஐந்து பேர் ஏழு பேர் ஆனார்கள், லெப்டினன்ட் பெர்ரியாக டேவிட் நிவன் வந்தார். முணுமுணுப்புக்கு இடம் கொடுக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இனி பிரித்துப் பார்ப்போம். அந்த ஏழு பேரும் குணத்தை வைத்து அறிமுகம் ஆவதில்லை. தொழிலை வைத்து அறிமுகம் ஆகிறார்கள். டேவன்போர்ட் பெரிய துணிக்கடை மாதிரியான ஸ்டோரில் மேற்பார்வையாளர். பார்சன்ஸ் அதே கடையில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன். ப்ரூவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தில் கொதிகலனுக்குக் கரி போடுபவர். லாயிட் வாடகை வசூல் செய்பவன், லூக் பண்ணைக் கூலி, ஸ்டெய்னர் கார் விற்பவன், பெக் பயண ஏஜென்ட். டேவன்போர்ட்டும் பார்சன்ஸும் ஒரே பாரக்கில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டியிருக்கிறது என்பதே ஒரு காட்சிக்குப் போதும், வசனமே வேண்டாம். உங்கள் ஸ்கிரிப்டில் 'கோபக்காரன்', 'கோழை', 'கிண்டல்காரன்' என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, ஒவ்வொருவனும் போன மாதம் வரை காலையில் எழுந்ததும் என்ன வேலைக்குப் போனான் என்று எழுதுங்கள். பயிற்சி அவனிடமிருந்து எதைப் பிடுங்குகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது மனக்குறை. வில்லியம் ஹார்ட்னெல் நடித்த சார்ஜென்ட் பிளெட்சர், முகாமுக்கு வருமுன் நடந்த உரசலை மனதில் வைத்துக்கொண்டு தங்களை மட்டும் பழிவாங்குகிறார் என்று இவர்கள் நம்புகிறார்கள். லாயிட் அதை முறைப்படி பெர்ரியிடம் புகாராகவே கொண்டுபோகிறான். அவர்கள் இடத்திலிருந்து பார்த்தால் அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது, படமும் அவர்களை முட்டாள்களாக்கவில்லை. அதே சமயம் நமக்கு பிளெட்சரின் வேறு முகமும் தெரிகிறது. இந்த இடைவெளி இல்லாவிட்டால் சார்ஜென்ட் வெறும் கத்தும் இயந்திரம். உங்கள் சார்ஜென்ட், பையன்கள் இல்லாத ஒரு காட்சியிலாவது வர வேண்டும். அங்கே அவர் குரலை உயர்த்தக் கூடாது.

படத்தின் அச்சாணி ஒத்திகைப் போர்க் காட்சிதான். அந்தப் பயிற்சிகளில் 'நீ செத்தாய், ஒதுங்கு' என்று நடுவர்கள் அறிவிப்பது வழக்கம். சீக்கிரம் 'செத்துவிட்டால்' நடையும் இல்லை, பள்ளம் தோண்டுவதும் இல்லை, ஓரமாக உட்காரலாம். லாயிட் அதைத்தான் செய்கிறான், மற்றவர்களும் கூடச் சேர்கிறார்கள். புத்திசாலித்தனமான வேலைதான், பார்க்கும் நமக்கும் உள்ளூரச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதனால் மற்றவர்களின் வேலை கெட்டு, பட்டாலியனுக்கே அவமானம் ஆகிறது. அதன் பிறகு பெர்ரி வந்து படைப்பிரிவு எங்கெங்கே நின்று போரிட்டது என்று சொல்கிறார். கத்தல் இல்லை, தண்டனைப் பட்டியல் இல்லை. அந்தப் பேச்சு வேலை செய்வதற்குக் காரணம் அதன் சொற்கள் அல்ல, கேட்கிறவர்கள் அதற்கு முந்தைய காட்சியில் செய்த காரியம். இதே பேச்சை முதல் நாள் வைத்திருந்தால் கொட்டாவி வந்திருக்கும்.

பேச்சோடு எல்லோரும் திருந்திவிடவும் இல்லை. பார்சன்ஸ் அனுமதி இல்லாமல் முகாமை விட்டுப் போகிறான். வீட்டில் கடன்காரர்கள் மனைவியை நெருக்குகிறார்கள். பெர்ரி காரணத்தைக் கண்டுபிடித்து அதைத் தீர்த்து வைக்கிறார். ஒழுக்கப் பிரச்சினையாக வெளியே தெரிவது உள்ளே வீட்டுப் பிரச்சினை என்று படம் காட்டுகிறது. பிறகு வட ஆப்பிரிக்காவுக்குப் போகும் கப்பல் டார்பிடோவால் தாக்கப்படும்போது, சிக்கிக்கொண்ட பிளெட்சரை மீட்கிறார்கள். மாற்றத்துக்கு அதுதான் சான்று. யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நீங்களும் சொல்லிக் காட்டாதீர்கள்.

மாண்டேஜை முழுக்க எறிய வேண்டாம். மூன்று காட்சிகளாக உடையுங்கள். ஒரே ஒரு திறமையை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாகத் துப்பாக்கியில் தோட்டா நிரப்புவது. முதல் முறை தப்பாக வர வேண்டும், ஏன் தப்பு என்பது நமக்குப் புரிய வேண்டும். இரண்டாம் முறை வாய்க்குள் எண்ணிக்கொண்டே சரியாகச் செய்கிறான். மூன்றாம் முறை வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது கை தானாகச் செய்கிறது. ஓடுவது, தாண்டுவது எல்லாவற்றையும் விட இந்த மூன்று ஷாட்கள் அதிகம் சொல்லும்.

பரேட்கிரவுண்ட் பதில்:

பழையரீல் சொன்ன 'தோட்டா நிரப்புவது' நல்ல தேர்வு, அதில் தப்பு எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். அன்றைய பிரிட்டிஷ் .303 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். லீ-என்ஃபீல்ட் ரைஃபிளின் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, 10 தோட்டா கொள்ளும், ஐந்து ஐந்தாக ஒரு தகட்டுக் கிளிப்பில் வைத்து மேலிருந்து கட்டைவிரலால் அழுத்த வேண்டும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டை முன்னே தள்ளும்போது இரண்டும் பிணைந்து நின்றுவிடும். புதியவன் பதற்றத்தில் போல்ட்டை இன்னும் பலமாகத் தள்ளுவான், இன்னும் இறுகும். ப்ரென் இயந்திரத் துப்பாக்கிக்கும் இதே வியாதி. 30 கொள்ளும் மேகசினில் 28 மட்டும் போடுவது வழக்கம், ஸ்பிரிங் மேல் அழுத்தம் குறையும். அவசரத்தில் கண்டபடி நிரப்பிய மேகசின் சண்டைக்கு நடுவில் நிற்கும். முகாமில் சோம்பலாக நிரப்பியவன் பெயரும் நின்ற மேகசினும் உங்கள் கதையில் சந்திக்கலாம்.

அணிவகுப்பு பற்றி. சாதாரணக் காலாட்படைக்கு நிமிடத்துக்கு 120 காலடி, ஒரு காலடி 30 அங்குலம். இந்தப் படத்தில் வரும் கற்பனைப் படைப்பிரிவு 'டியூக் ஆஃப் க்ளெண்டன்ஸ் லைட் இன்ஃபன்ட்ரி'. லைட் இன்ஃபன்ட்ரி (இலகு காலாட்படை) என்றால் 140 காலடி, ரைஃபிளைத் தோளில் சாய்க்காமல் கையில் கிடையாகப் பிடித்து நடப்பார்கள். உங்கள் படைப்பிரிவு எது என்று முதலில் முடிவு செய்யுங்கள், நடையும் தாளமும் அதிலிருந்துதான் வரும். 1937-க்குப் பிறகு மூன்று வரிசை. நான்கு நான்காக நடந்தால் அது முதல் உலகப்போர்ப் படம்.

புதியவர்களின் நிஜமான பிழை ஒன்று உண்டு, நடிகர்கள் யாரும் அதைச் செய்வதில்லை. சேற்றில் விழுவார்கள், அடி தவறுவார்கள், ஆனால் இடது காலோடு இடது கையே வீசி நடப்பதைக் காட்ட மாட்டார்கள். நடப்பதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் கை கால் ஒத்துழைக்காது. ஒருமுறை ஆரம்பித்தால் பார்த்துப் பார்த்துத் திருத்த முயன்று இன்னும் மோசமாகும். சார்ஜென்ட் கத்தக் கத்த அவன் கவனம் கைக்கே போகும். தீர்வு, அவனைப் பேச வைத்துக் கவனத்தைத் திருப்புவது. விவரம் தெரிந்த சார்ஜென்ட் அவனிடம் ஊர், பெயர் கேட்டுக்கொண்டே கூட நடப்பார். அந்த ஒரு நிமிடக் காட்சியில் சார்ஜென்டின் அனுபவமும் தெரியும்.

சல்யூட்டில் எல்லோரும் தவறுகிறார்கள். உள்ளங்கை முன்னால் தெரிய வேண்டும், கை பக்கவாட்டில் நீண்ட வழியில் மேலே போய்க் குறுகிய வழியில் கீழே வரும். தலையில் தொப்பி இல்லாவிட்டால் கையால் சல்யூட் கிடையாது. சார்ஜென்டுக்கு யாரும் சல்யூட் வைப்பதில்லை, 'சார்' என்பதும் இல்லை, 'சார்ஜென்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். 'சார்' என்பது அதிகாரிகளுக்கும் வாரன்ட் அதிகாரிகளுக்கும்.

ஆள் கணக்கையும் பாருங்கள். ஒரு செக்ஷன் என்றால் 10 பேர்: கார்ப்பரல், ஆறு ரைஃபிள்காரர்கள், லான்ஸ் கார்ப்பரலையும் சேர்த்து மூன்று பேர் ப்ரென் குழு. இப்படி மூன்று செக்ஷன் ஒரு பிளாட்டூன், மேலே ஒரு லெப்டினன்ட், ஒரு பிளாட்டூன் சார்ஜென்ட். சார்ஜென்ட் ஏழு பேரோடு மட்டும் நாள் முழுக்க இருக்க மாட்டார். இடையில் கார்ப்பரல் ஒருவர் வேண்டும். எப்போதும் கூடவே இருந்து உயிரை வாங்குவது உண்மையில் அவர்தான்.

ஆண்டு 1942 என்றால் மாதத்தையும் முடிவு செய்யுங்கள். அந்த ஜூலையிலிருந்து பிரிட்டனில் புதியவர்கள் நேராகப் படைப்பிரிவுக்குப் போவதில்லை. ஜெனரல் சர்வீஸ் கோர் என்ற பொதுப் பிரிவில் ஆறு வார அடிப்படைப் பயிற்சி, திறன் சோதனைகள், அதன் பிறகுதான் யார் காலாட்படை, யார் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), யார் டிரைவர் என்று பிரிப்பார்கள். இந்தப் படத்தின் ஆட்கள் அதற்கு முந்தைய முறையில் நேரே படைப்பிரிவுக்கு வருகிறவர்கள், அதனால்தான் படைப்பிரிவின் பெருமைக்குக் கதையில் அவ்வளவு பெரிய இடம் இருக்கிறது.

கடைசியாக, தடுப்பூசி. டைபாய்டு ஊசி போட்டதும் கை வீங்கும், காய்ச்சல் வரும், இலகுவான வேலைதான் தருவார்கள். ஏழு பேரும் முதல் முறையாகச் சும்மா படுத்துக் கிடக்கும் நேரம் அது. மனம் விட்டுப் பேசும் காட்சிக்கு நிலா வெளிச்சமும் தீ மூட்டமும் தேட வேண்டாம்.

ஸ்கிரிப்ட்மேசை எழுதியது:

இருவருக்கும் நன்றி. நாங்கள் எழுதுவது இங்கிலாந்தில் நடக்கும் கதை அல்ல, இந்தியப் படையின் முகாம். பிளெட்சர் பாத்திரத்தை அப்படியே கொண்டுவரலாமா? துப்பாக்கி மாதிரிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன, முனை தட்டையாக இருக்கிறது, படத்தில் இருப்பதிலிருந்து வேறாகத் தெரிகிறது.

பரேட்கிரவுண்ட் பதில்:

தட்டை முனைதான் உங்களுக்குச் சரி. அது பழைய நம்பர் 1 மாடல், மரமும் மூக்கு இரும்பும் குழலின் நுனி வரை வரும். குழல் சில அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நம்பர் 4. இந்தியப் படை போர் முழுக்கப் பெரும்பாலும் நம்பர் 1-ஐயே வைத்திருந்தது, இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் அதைத்தான் செய்தார்கள். அதற்குரிய பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) 17 அங்குல வாள் மாதிரி இருக்கும். நம்பர் 4-க்கு வந்த எட்டு அங்குல ஆணி மாதிரிப் பயனெட்டை இதில் மாட்ட முடியாது, கலை இயக்குநரிடம் சொல்லிவையுங்கள். நிஜத் துப்பாக்கி, வெற்றுத் தோட்டா பக்கமே போகாதீர்கள். வெற்றுத் தோட்டாவின் அடைப்பும் சூடான வாயுவும் அருகில் இருப்பவரைக் காயப்படுத்தும், ஆயுதச் சட்ட உரிமப் பிரச்சினையும் உண்டு. மாதிரியை வைத்து எடுத்து, பொறியையும் சத்தத்தையும் பிறகு சேருங்கள்.

பிளெட்சரை அப்படியே கொண்டுவர முடியாது. இந்தியப் படையில் சார்ஜென்டின் இடத்தில் ஹவில்தார், கார்ப்பரலின் இடத்தில் நாயக். பிளாட்டூனை நடத்துபவர் பெரும்பாலும் ஜமேதார், அதற்கு மேலே சுபேதார், கம்பெனி மட்டத்தில்தான் பிரிட்டிஷ் அதிகாரியைப் பார்ப்பீர்கள். அதனால் பெர்ரி செய்கிற வேலை உங்கள் கதையில் இரண்டாகப் பிரியும். வீட்டுக் கடனைப் பற்றிச் சிப்பாய் முதலில் பேசப்போவது ஜமேதாரிடம். அங்கே இருக்கும் மரியாதையும் பயமும் வேறு மாதிரி.

எடிட்டிங்மேசை பதில்:

பழையரீல் கட்டமைப்பைப் பற்றிச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் இந்தப் படத்தை மாதிரியாக எடுக்கும்போது அது எதை விட்டுவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1942-ல் பிரிட்டிஷ் ராணுவத்தின் மனநிலை மோசமாக இருந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, ஜூனில் வட ஆப்பிரிக்காவின் டோப்ருக். நிர்வாகத் தலைமையில் இருந்த ரொனால்ட் ஆடம், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றினார். திறன் சோதனைகள், அதிகாரித் தேர்வுக் குழுக்கள், அவற்றில் மனநல மருத்துவர்கள் எல்லாம் அப்போது வந்தவை. இவ்வளவும் தேவைப்பட்டதற்குக் காரணம், எல்லோரும் சிப்பாய் ஆகிவிடுவதில்லை என்பது. படத்தில் ஏழு பேரும் தேறுகிறார்கள். 1944 ஜூனில், நார்மண்டித் தரையிறக்கம் நடந்த அதே மாதத்தில் திரைக்கு வந்த படம் வேறு எப்படியும் முடிந்திருக்க முடியாது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒருவனாவது தேறாமல் போகட்டும். அவன் கெட்டவனாகவும் இருக்க வேண்டாம். மற்ற ஆறு பேரின் மாற்றத்துக்கு அப்போதுதான் எடை வரும்.

இன்னொன்று, ஒத்திகைப் போர் காட்சியைப் பார்த்துவிட்டு அதே மாதிரி ஒரு பேச்சை எழுதப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நிவனுக்கு அது பொருந்துவதற்குக் காரணம், பெர்ரி போருக்கு முன் தானும் சாதாரண வேலை பார்த்த பகுதிநேரப் படைக்காரர். அந்தப் பெருமையை அவரும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார். பரம்பரைச் சிப்பாய் ஒருவர் அதே வரிகளைச் சொன்னால் போதனையாகிவிடும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆணி அடித்த பூட்ஸ் சரளைக்கல்லில் ஒரு சத்தம், சிமென்ட்டில் வேறு சத்தம். முப்பது பேரின் நடையை ஒருவரின் நடையை நகலெடுத்துப் பெருக்கினால் இயந்திரம் மாதிரிக் கேட்கும். தேர்ந்த பிளாட்டூனின் ஒவ்வோர் அடியிலும் மிகச் சிறிய சிதறல் உண்டு, புதியவர்களிடம் அது நீளமாக இழுபடும். பத்துப் பேரையாவது உண்மையில் நடக்கவிட்டுப் பதிவு செய்யுங்கள். சிதறல் குறைந்துகொண்டே வருவதைக் காது பிடித்துக்கொள்ளும், இசை போட வேண்டிய அவசியமே இருக்காது.

பழையரீல் பதில்:

ஒருவன் தேறாமல் போகட்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், 30 நிமிடத்தில் அதுவே உங்கள் நடுப்புள்ளியாகவும் ஆகலாம். நேரக் கணக்குச் சொல்வதென்றால் சீருடை போடுமுன் ஐந்து நிமிடம் கொடுங்கள், அதைக் குறைக்காதீர்கள். முகாமின் முதல் வாரத்துக்கும் மனக்குறைக்கும் ஏழெட்டு நிமிடம். ஒத்திகையில் செய்யும் ஏமாற்று வேலையும் அதன் விளைவும் எட்டு நிமிடம், வேறு எங்கே வெட்டினாலும் இங்கே வெட்ட வேண்டாம். மீதியில் வீட்டுப் பிரச்சினை ஒன்றும் சோதனை ஒன்றும். ஏழு பேர் இந்த நீளத்துக்கு அதிகம். நால்வருக்குக் கதை, மற்றவர்களுக்கு முகம் இருந்தால் போதும்.

படப்பிடிப்பு வரிசையில் மட்டும் ஜாக்கிரதை. மற்ற காட்சிகளை வசதிப்படி எடுக்கலாம், பரேட் காட்சிகளைக் கதை வரிசையிலேயே எடுங்கள். தடுமாறும் நடையை நடிகர்களுக்கு எதுவும் சொல்லிக்கொடுப்பதற்கு முன், முதல் நாள் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். முன்னாள் ராணுவத்தினர் ஒருவரை வைத்துச் சில நாள் பழக்கிவிட்டால் உடம்பு மறக்காது, பிறகு தப்பாக நடக்கச் சொன்னால் கோமாளித்தனமாக இருக்கும். முடிவெட்டும் காட்சியும் அப்படியே, ரீடேக் கிடையாது, இரண்டு கேமரா வைத்துவிடுங்கள். பூட்ஸை மட்டும் படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்பே நடிகர்களிடம் கொடுத்து வீட்டில் தினமும் போட்டு நடக்கச் சொல்லுங்கள். புது பூட்ஸோடு பரேட் எடுத்தால் மதியத்துக்குள் பாதிப் பேர் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள்.